பயந்தவள் வளர்த்த நாய்

இன்று காலை உன் அறையில் கருவாடு வறுத்தார்கள்.

உன் அறை என்று நான்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் குடியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் இரும்பு ஆலையில் வேலை. அவர்கள் கடுகெண்ணெயில் வறுப்பார்கள் போலிருக்கிறது. புகை நம் வரிசை வீடுகள் முழுக்கப் பரவியது. என் மடியில் சுருண்டிருந்த உன் பூனை ஜிலேபி காதை நிமிர்த்தியது, எழுந்தது, நேரே உன் வாசலுக்குப் போய் நின்றது. உள்ளே போகவில்லை. ஒரு காலை எடுத்துப் படியில் வைத்தது, திரும்ப எடுத்துக்கொண்டது. கருவாட்டு வாசனை தெரிந்த வாசனை, எண்ணெய் வாசனை தெரியாத வாசனை. பூனைக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று அதன் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நீ போய் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்துவிட்டன. உன்னை நினைத்தால் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரத்தான் வருகிறது. ஆனால் அழுகைக்கு முன்னால் குழப்பம் வந்து நின்றுகொள்கிறது. நீ இருந்தபோது உன்னிடம் கேட்டிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். பதில் வராது என்று தெரியும். கேட்டுவிட்டேன் என்றாவது இருக்கட்டும்.

நீ கவரைப்பேட்டைக்கு வந்து இறங்கியபோது உன் கையில் ஒரு மேசை மின்விசிறியும், தோளில் துணிப்பையும், அந்தப் பைக்குள் உன் அம்மா கட்டிக்கொடுத்த கருவாடும் இருந்தன. பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு குப்பத்திலிருந்து வந்தவள் நீ. தேர்வாய் கண்டிகையில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் நான் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. உன்னையும் அதே லைனில், என் எதிர் மேசையில் உட்கார வைத்தார்கள். வீடும் பக்கத்துச் சுவர், வேலையும் எதிர் மேசை. நாள் முழுக்க உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியும் உன்னைத் தெரியாமல் போனது எப்படி என்பதுதான் என் முதல் கேள்வி.

ஒன்று மட்டும் வந்த வாரத்திலேயே தெரிந்தது. உனக்கு நாய் என்றால் பயம். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடிவதற்கு முன் ரயில்வே கேட் வழியாக நெடுஞ்சாலைக்கு நடப்போம் இல்லையா, அப்போது எங்கோ தூரத்தில் ஒன்று குரைத்தாலே என் கையைப் பிடித்துக்கொள்வாய். வெறும் பிடி இல்லை. வேலைக்குப் போய்க் கையுறை மாட்டும்போது என் முழங்கையில் உன் நகம் பதிந்த இடம் சிவந்திருக்கும். ஒரு நாள் சந்தின் நடுவே ஒரு கிழட்டு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போக மாட்டேன் என்று நீ நின்றுவிட்டாய். நான் கெஞ்சினேன், திட்டினேன். அது தலையைக்கூடத் தூக்கவில்லை. நமக்கு பஸ் போய்விட்டது.

அப்படிப்பட்ட நீதான் ஒரு மழை நாளில் சாப்பாட்டுப் பைக்குள் ஒரு நாய்க்குட்டியை வைத்துக்கொண்டு வந்தாய்.

கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில், டயருக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு கிடந்தது. எல்லாரும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனார்கள், நானும் உள்பட. நீ மட்டும் டிபன் பாக்ஸை வெளியே எடுத்துவிட்டு அதைப் பைக்குள் போட்டிருக்கிறாய். வீட்டுக்கு வந்ததும் பையை என் முன்னால் நீட்டினாய். கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிப்பதுபோல் பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தாய். பயமாக இருக்கிறது என்று சொல்வாயே, இது என்ன வேலை என்று கேட்டேன்.

"பயமாத்தாம்மே கீது. அதான் இட்டுக்கினு வந்தேன்."

இந்த ஒரு வரியை எத்தனை தரம் புரட்டிப் பார்த்திருப்பேன் தெரியுமா? பயமாக இருந்தும் என்று நீ சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். பயமாக இருக்கிறது, அதனால் என்றாய். அந்த 'அதான்' எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதற்கு பியூஸ் என்று பெயர் வைத்தாய். ஒரு தரம் பட்டென்று குரைத்துவிட்டு அப்புறம் நாள் முழுக்க அடங்கிக் கிடக்கும், அதனால். ஜிலேபி அதற்கு முன்பே இருந்தது. அதை நீ கொண்டுவரவில்லை, உன் கருவாட்டுக்காகத் தானாக வந்து சேர்ந்தது. அந்தப் பூனையிடம் உனக்குப் பயமே கிடையாது. குப்பத்தில் படகுக்குப் பத்துப் பூனை என்பாய்.

அடுத்த வார லீவு நாளில் ஷேர் ஆட்டோ பிடித்து கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். பூனையைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்துத் துண்டால் மூடி நீ எடுத்துக்கொண்டாய். நாய்க்குட்டி என் மடியில். டாக்டரம்மா இந்த நாய் யாருடையது என்று கேட்டபோது என்னுடையதுதான், ஆனால் இவள்தான் பிடித்துக்கொள்வாள் என்று நீ சொன்னாய். அந்த அம்மா நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவர் நிதானமாகத்தான் சொன்னார். குட்டிக்கு முதலில் ஒரு ஊசி, சில வாரம் விட்டு அதையே மறுபடியும் போட வேண்டும். அப்போதுதான் உடம்பில் நிற்கும், ரத்தமாகக் கழிந்து குட்டிகள் சாகிற நோய் வராது. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்க்கு ஊசி. அப்புறம் வருஷா வருஷம் மறக்காமல் வர வேண்டும். பூனைக்கு எதற்கு என்று நான் கேட்டேன். நாய்க்குத்தானே வெறி பிடிக்கும் என்பது என் எண்ணம். பூனைக்கும் வரும், அது கடித்தாலும் கீறினாலும் மனுஷருக்கு வரும் என்றார். பூனைக்கென்று தனியாகவே ஒரு கழிச்சல் நோய் இருக்கிறது, போட்ட குட்டிகளை மொத்தமாகக் கொண்டுபோய்விடும், அதற்கும் ஊசி இருக்கிறது என்றும் சொன்னார். எனக்கு எந்த ஊசி எதற்கு, எது முதலில், எது திரும்ப என்று எல்லாம் கலந்துபோய்விட்டது. உன்னைப் பார்த்தேன். உனக்கு எதுவும் புதிதாக இல்லாததுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தாய்.

அன்று சாயங்காலம் பியூஸ் எழுந்திருக்கவே இல்லை. பால் வைத்தாலும் முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நீ அழுதுவிட்டாய். தொடப் பயந்துகொண்டு, தென்னந்துடைப்பத்தின் அடிக்கட்டையால் அதன் முதுகை மெல்ல நகர்த்தி, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாய். டாக்டரம்மாவுக்கு போன் போட்டோம். ஊசி போட்டால் ஒரு நாள் அப்படித்தான் சோர்ந்து கிடக்கும், முகம் வீங்கினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ கொண்டு வாருங்கள் என்றார். மறுநாள் விடிந்ததும் அது உன் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. நீ கட்டிலின் மேல் ஏறி நின்று சிரித்தாய்.

பயத்தை வைத்துக்கொண்டே ஒரு நாயை வளர்க்கிறாளே, இதற்குப் பின்னால் ஏதோ இருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாய். உனக்கு ஒரு அண்ணன் இருந்தானாம். அவன் வளர்த்த குட்டிதானாம். விளையாட்டாகப் பல் பட்டதாம். சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைத்து விட்டுவிட்டார்களாம். மாதங்கள் கழித்து ஒரு நாள் அவன் படகில் ஏற மாட்டேன் என்றானாம்.

"ஏரிலயே பொறந்து வளந்தவன்மே. தண்ணியப் பாத்து அலறுனான்."

வெறிநோய் கண்டவர்கள் தண்ணீரைப் பார்த்தால் அலறுவார்கள் என்று நானும் கேட்டிருக்கிறேன். உன் பயமும் புரிந்தது, உன் பிடிவாதமும் புரிந்தது. உன்னைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்று இறங்கும்போது உன் பையையும் நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

நம் வரிசையில் ஆறு வீடு. அதில் நாயும் பூனையும் வைத்திருந்தவர்கள் எல்லாரையும் நீ ஒருத்தர் ஒருத்தராகப் பிடித்தாய். கடைசி வீட்டில் ஆரம்பாக்கத்துப் பக்கத்து அம்மா, யாரைப் பார்த்தாலும் நைனா என்பாரே, அவர் மூன்று பூனை வைத்திருந்தார். ஊசியாவது ஒன்றாவது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டிருக்கிறது. நீ ஒரு மத்தியானம் அவர் வீட்டில் உட்கார்ந்து பேசினாய். மறுவாரம் மருந்தகத்தில் வெறிநோய் ஊசி முகாம் வைத்தபோது மூன்று பூனையையும் மூன்று தலையணை உறையில் கட்டிக்கொண்டு அவரே முதல் ஆளாக வந்து நின்றார். குப்பத்தில் உன் பக்கத்து வீட்டுக் கிழவர் ஒருவர் பூனை கீறி இறந்த கதையைக் கேட்டதிலிருந்து தூக்கமே வரவில்லை என்று என்னிடம் சொன்னார். நமக்கு வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாவும் அவர்களுடைய நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். உன் சித்தப்பா மகள் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரத்தில் நாய் கடித்துப் போனாளாமே, பாவம் என்றார். எனக்கு அப்போதே கொஞ்சம் இடறியது. ஒரே குப்பத்தில் இத்தனை பேரா என்று நினைத்தேன். ஏழை ஜனம், ஆஸ்பத்திரி தூரம், நடந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் பியூஸ் என் வீட்டுக்காரரைக் கடித்தது.

அதன் தப்பு இல்லை. அவர் எங்கள் இருட்டு அறையில் லுங்கியைத் தேடிக்கொண்டு போனவர், அங்கே வந்து படுத்திருந்த அதன் வாலை மிதித்துவிட்டார். கெண்டைக்காலில் இரண்டு பல் ஆழமாகப் பதிந்து ரத்தம் வந்தது. அவர் நாயை உதைக்கக் காலை ஓங்கினார். நீ சத்தம் கேட்டு வந்தவள், நாய்க்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாய். நாய்க்கு அத்தனை பக்கத்தில் நீ நின்று நான் பார்த்ததே இல்லை. அவரைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் அந்தக் காலை விடாமல் கழுவினாய். அவர் எரிகிறது என்று கத்தினார். நீ கேட்கவே இல்லை.

அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம். நீ உடனே கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாய். அதில்தான் சண்டை வந்தது. அவர் கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது, ஒரு தரம் இல்லை, டாக்டரம்மா சொன்ன கணக்கில் எல்லாமே போட்டிருக்கிறது. அப்படியிருக்க மனுஷருக்கு எதற்கு? மனுஷருக்கும் போடத்தான் வேண்டும் என்றால் நாய்க்குப் போட்டது எதற்கு? இந்தக் கேள்விக்கு நீ வாதம் எதுவும் பண்ணவில்லை.

"அதுக்குப் போட்டது அதுக்கு. உனுக்குப் போடறது உனுக்கு. எங்கண்ணனும் உன்ன மாதிரிதான்ணா சொல்லிக்கினு இருந்தான்."

அவர் உன் முகத்தைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் இதே கேள்வியை அவர் கேட்டார். ஊசி போட்ட நாய் என்றால் ஆபத்து ரொம்பக் குறைவுதான், ஆனால் வந்துவிட்டால் வைத்தியமே இல்லாத நோய், அதனால் குறைவு என்பதை நம்பி நாங்கள் விடுவதில்லை, நாயையும் பத்து நாள் கவனியுங்கள் என்றார் டாக்டர். பியூஸ் அந்தப் பத்து நாளும் தின்று, தூங்கி, ஒரு தரம் குரைத்து, நன்றாகவே இருந்தது. அவரும் எல்லா ஊசியையும் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் உன்னைத் திட்டிக்கொண்டே போனார். திரும்பி வரும்போது உனக்குப் பிடித்த முறுக்கை வாங்கி வந்தார்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாய். எதிர் மேசையில் ஒயரைப் பிடித்த கை அப்படியே நிற்கும், அப்புறம் நகரும். மூன்றாவது நாள் உன்னால் எழுந்திருக்க முடியவில்லை. கும்மிடிப்பூண்டியில் பார்த்துவிட்டு சென்னைக்கு அனுப்பினார்கள். டெங்கு என்றார்கள். ரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். ஆம்புலன்ஸில் உன் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். நீ கடைசியாகத் தெளிவாகப் பேசியது, பியூஸுக்கு அடுத்த ஊசி தை மாதம் என்பது. அந்த வாரம் முடிவதற்குள் நீ இல்லை.

துக்கம் ஒரு பக்கம். நம் வரிசையில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. நாயோடும் பூனையோடும் ஒரே அறையில் கிடந்தாள், அதுதான் பிடித்துக்கொண்டது என்று யாரோ சொன்னார்கள். இத்தனை ஊசி போட்ட நாய், அந்த மருந்தே அவளுக்கு ஏறிவிட்டது என்றார் இன்னொருவர். கொசுவால் வந்த காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் குரலே எனக்கு நம்பும்படியாக இல்லை. வீட்டுக்காரம்மா, தன் நாய்க்கு உன் பேச்சைக் கேட்டு ஊசி போட்டவர், ஆள் வைத்து பியூஸைச் சிப்காட் தொழிற்பேட்டைக்குள் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார். பியூஸ் உன் கதவடியில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களில் நானும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தேன். இது ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறது, இதன் வாயில் ஏன் நுரை மாதிரி இருக்கிறது என்றெல்லாம் பார்த்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்த ஈரம்தான் அது. உன் பயம் எனக்கு ஒட்டிக்கொண்டது போலிருந்தது.

கடைசியில் இரண்டையும் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடமே போனேன். நீ இறந்ததைச் சொன்னதும் அவர் என்னை உட்காரச் சொன்னார். அப்புறம் இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு, டெங்கு நாய் பூனையிடமிருந்து வருவதில்லை, தடுப்பூசி மருந்து பக்கத்தில் படுப்பவருக்கு ஏறுவதும் இல்லை, யார் கேட்டாலும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள் என்றார். போதாது, வந்து சொல்லுங்கள் என்று கேட்டேன். கேட்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. அவர் வந்தார். மருந்தகம் மூடியதும் நம் சந்துக்கு வந்து, குழாயடியில் நின்று, வீட்டுக்காரம்மாவிடமும் மற்றவர்களிடமும் பேசினார். தண்ணீர் தேங்கியிருந்த தொட்டியையும் டயரையும் காட்டி, உங்களுக்கு எதிரி அங்கே இருக்கிறது என்றார். அன்றே டயர்களைக் கவிழ்த்தோம். பியூஸ் என் வீட்டுக்குள் வந்தது. ஜிலேபி யாரும் கூப்பிடாமலே வந்தது.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு பொன்னேரி வழியாக பஸ் பிடித்துக் குப்பத்துக்கு வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உன் சாடை அவரிடம் அப்படியே இருந்தது, பிடியும் அதே பிடி. எதைச் சொல்லி ஆறுதல் தருவது என்று தெரியாமல், மகனைப் பறிகொடுத்தீர்கள், இப்போது மகளையும் என்று ஆரம்பித்தேன். அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மகனா? எனுக்கு ஏதும்மா மகன்? ரெண்டும் பொண்ணு. இவதான் தலச்சன்."

வேறு யாரையோ நினைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன் என்று மழுப்பினேன். அப்புறம் மெதுவாக, வீட்டில் நாய் வளர்த்தீர்களா என்று கேட்டேன். வளர்த்ததே இல்லை என்றார். பக்கத்து வீட்டுக் கிழவர்? நல்ல சாவு, தூக்கத்தில் போனார் என்றார். சித்தப்பா மகள்? அவள் அங்கேதான், எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை.

உன் அத்தை ஒருவர்தான் நாய் என்ற சொல்லைக் கேட்டு எதையோ யோசித்தார். குப்பத்தில் ஒரு நாய் இருந்ததாம். அதற்கு வெறி என்று யாரோ சொல்லக் கேட்டு எல்லாரும் சேர்ந்து அடித்துப் போட்டுவிட்டார்களாம். வெறியே இல்லை என்று அப்புறம் தெரிந்ததாம்.

"அந்த நாய்க்கு ஒரு பொண்ணு சோறு வெச்சிக்கினு இருந்துச்சி. அது இவளா, இவ தங்கச்சியான்னு எனக்கு நெனப்பு இல்லம்மா."

உன் தங்கையிடம் கேட்டேன். அப்படி ஒரு நாயே தனக்கு நினைவில்லை என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. செத்துப்போனவள்மேல் கோபப்படலாமா என்றும் தெரியவில்லை. ஏரியைப் பார்த்து அலறிய அந்த அண்ணனுக்காக நான் எத்தனை நாள் வருத்தப்பட்டிருக்கிறேன். கடைசி வீட்டு அம்மாவுக்குச் சொன்ன கிழவரையும், வீட்டுக்காரம்மாவுக்குச் சொன்ன கல்யாணப் பெண்ணையும்விட எனக்குச் சொன்ன அண்ணன்தான் பெரியவன் என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்திருக்கிறது. எனக்கு மட்டும் நீ நிஜத்தைச் சொன்னாய் என்று. நானும் ஊசிக்குச் சம்மதிக்க வைக்க வேண்டிய இன்னொரு ஆள்தானா?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் காலைத் தூக்கி அந்தப் பல் தடத்தைப் பார்த்தார். அண்ணனே இல்லையா, அப்போது நான் எதற்குப் போய் அத்தனை ஊசி போட்டுக்கொண்டேன் என்றார். சிரிக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"அண்ணனே இல்லாமத்தான் என்ன அண்ணா அண்ணான்னு கூப்ட்டுக்கினு இருந்தாளா."

எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த அடிபட்ட நாய்க்குச் சோறு வைத்தது நீதான் என்று சில நாள் நினைக்கிறேன். அப்படியென்றால் நீ பயந்தது நாய்க்கா, நாயைச் சுற்றிக் கூடும் மனுஷருக்கா? ஊசி போட்ட நாயை யாரும் வெறி என்று அடிக்க முடியாது என்றுதான் அத்தனை பாடுபட்டாயா? இப்படி யோசித்தால் எல்லாம் பொருந்துவதுபோல் இருக்கிறது. உடனே என் முழங்கையில் பதிந்த நகம் நினைவுக்கு வரும். அது நாயைப் பார்த்துப் பயந்தவளின் நகம்தான், எனக்குத் தெரியும். அப்புறம் சோறு வைத்தது உன் தங்கையாகவும் இருக்கலாம். உனக்கு எந்தக் கதையுமே இல்லாமல், டாக்டரம்மா சொன்னது சரி என்று பட்டதால் மட்டும் செய்திருக்கவும் கூடும். சும்மா சரி என்பதற்காக யாராவது இத்தனை அலைவார்களா? தெரியவில்லை. தை மாதம் பியூஸை நான் கூட்டிக்கொண்டு போனேன். ஜிலேபிக்கும் போட்டேன். ஏன் செய்கிறேன் என்று என்னைக் கேட்டாலும் நேராக ஒரு பதில் சொல்ல எனக்கு வராது.

போன வாரம் ஒன்று நடந்தது. உன் மேசையில் இப்போது ஒரு புதுப்பெண் உட்கார்கிறாள். கடம்பத்தூர்ப் பக்கத்துப் பெண், கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் ஒரு பூனைக்குட்டியின் படத்தைக் காட்டினாள். ஹாஸ்டல் மதிலோரம் கிடைத்ததாம். குட்டி ரொம்ப வாலு என்று சொல்லிக் கையை நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து நீளமாக ஒரு கீறல், ரத்தம் உலர்ந்திருந்தது. மஞ்சள் வைத்திருந்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாயா, ஊசி போட்டாயா என்று கேட்டேன். பூனை கீறினதற்கெல்லாம் யாராவது ஊசி போடுவார்களா அக்கா என்று சிரித்தாள்.

டாக்டரம்மா சொன்னதை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவள் சரி சரி என்று தலையாட்டினாள். போக மாட்டாள் என்று அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. நான் அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"உங்க ஊட்ல யாருக்காவது ஆச்சாக்கா?"

ஆமாம் என்றேன்.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. என் மனதில் அப்போது நின்றது ஒரு முகம்தான். அது தண்ணீரைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தது, அதற்குப் பின்னால் ஏரி தெரிந்தது. பிறக்கவே பிறக்காத உன் அண்ணனை நான் அவ்வளவு தெளிவாகப் பார்த்தேன்.

அவள் கீறல் பட்ட கையை மடியில் வைத்து மற்ற கையால் மூடிக்கொண்டாள். கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டாள். நானும் வருகிறேன் என்று சொல்லி, அவளோடு இறங்கினேன்.